மலை மிதிவண்டியிலிருந்து மின் மலை மிதிவண்டிக்கு: ஒரு வரலாறு

மலை மிதிவண்டி என்பது தார்ச்சாலையை விட்டு விலகி, காட்டுப் பாதையிலும் கல்லும் வேரும் நிறைந்த மலைத்தடத்திலும் ஓட்டுவதற்கென்று அமைந்த மிதிவண்டி. உறுதியான சட்டம், அகலமான டயர், வலிமையான பிரேக், பல அளவுப் பற்சக்கரங்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். இதே வண்டியில் மிதி அச்சை ஒட்டி ஒரு சிறிய மோட்டாரும், சட்டத்துக்குள் ஒரு பேட்டரியும் சேர்ந்தால் அது மின் மலை மிதிவண்டி ஆகிறது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் சாதாரண மலை மிதிவண்டி ஓட்டியவர்களில் பலர் இப்போது மின் வண்டிக்கு மாறிவருகிறார்கள். ஆனால் இந்த மாற்றம் சச்சரவில்லாமல் நடக்கவில்லை. "அது மிதிவண்டியே அல்ல" என்று பழைய ஓட்டுநர்களில் ஒரு சாரார் சொன்னார்கள். பல மலைத்தடங்களின் தொடக்கத்தில் மின் வண்டிக்குத் தடை என்ற பலகை எழுந்தது. ஒரு சிறு மோட்டாருக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு? விடை காண, மலை மிதிவண்டி பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மேட்டில் ஏறுவது எப்படி, பாதை யாருக்கு உரியது என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயே தொடங்கிவிட்டன.

தமல்பாயிஸ் மலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் மாவட்டம் உள்ளது. அங்குள்ள தமல்பாயிஸ் மலையின் உயரம் சுமார் 784 மீட்டர். பெயரின் ஒலியைக் கேட்டதும் தமிழோடு தொடர்பு உண்டோ என்று நமக்குத் தோன்றலாம். அப்படி எதுவும் இல்லை. அப்பகுதியின் பூர்வகுடிகளான மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது.

இந்த மலையில் 1896ஆம் ஆண்டு ஒரு சுற்றுலா இரயில்பாதை திறக்கப்பட்டது. மில் வேலி என்ற ஊரிலிருந்து உச்சியை நோக்கி ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளம், 281 வளைவுகள். நீராவி இயந்திரம் பயணிகளை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். இறங்கும்போது, இயந்திரமே இல்லாத சிறு பெட்டிகளில் புவியீர்ப்பு விசையால் மட்டும் உருண்டு வரும் வசதியும் இருந்தது. 1930இல் இந்த இரயில் நின்றுபோனது. தண்டவாளம் அகற்றப்பட்ட தடம் மண்பாதையாக எஞ்சியது. காட்டுத்தீயை அணைக்கும் வண்டிகள் செல்வதற்கென்று வெட்டப்பட்ட வேறு பல மண்சாலைகளும் இந்த மலைப்பகுதியில் உண்டு. இப்பாதைகள்தாம் பின்னர் மலை மிதிவண்டியின் தொட்டிலாயின.

மண்பாதையில் மிதிவண்டி ஓட்டுவதை மரின் இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1897இல் அமெரிக்க இராணுவத்தின் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள், மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகர் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தூரத்தைச் சேறும் மலையும் கடந்து மிதிவண்டியிலேயே சென்றிருக்கிறார்கள். ஆனால் மலைக்கென்றே தனியாக ஒரு வண்டி உருவாகி உலகெங்கும் பரவியது மரினிலிருந்துதான்.

ரீபேக் பந்தயம்

1970களில் மரின் இளைஞர்கள் சிலர் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். ஷ்வின் நிறுவனம் 1933 முதல் தயாரித்த பருத்த டயர் மிதிவண்டிகள் அக்காலத்தில் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. தேவையற்ற உறுப்புகளைக் கழற்றிவிட்டு அவற்றை மலைக்குக் கொண்டுபோனார்கள். இந்த வண்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிளங்கர்'. ஓட்டை உடைசல் என்று நாம் செல்லமாகச் சொல்வது போன்ற பெயர் அது. எடை 20 கிலோ அளவுக்கு இருக்கும். பெரும்பாலும் ஒரே கியர். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின்சக்கரத்தின் அச்சுக்குள் இருந்தது.

1976 அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு தீத்தடுப்புச் சாலையில் முதல் பந்தயம் நடந்தது. தூரம் சுமார் 3 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். ஒரே ஓட்டத்தில் பிரேக் சூடேறி, அச்சுக்குள் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் அச்சைப் பிரித்துக் கிரீஸை மீண்டும் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் 'ரீபேக்' என்ற சொல்லே அந்தச் சாலைக்கும் பந்தயத்துக்கும் பெயரானது. பந்தயத்தை நடத்தியவர் சார்லி கெல்லி. அத்தடத்தில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது சாதனையாக நிலைத்தது. சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது.

இறங்கியது இப்படி. ஏறியது எப்படி? வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தபோது சரக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலை மிதிவண்டியின் முதல் தலைமுறையினரே மேட்டில் ஏற மோட்டாரின் உதவியைப் பெற்றவர்கள்தாம். அந்த மோட்டார் வண்டிக்கு வெளியே இருந்தது என்பதுதான் வேறுபாடு.

கியர் வந்தது

ஏற்றத்துக்கு அடுத்த விடை கியர். 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் கூப்பர்டினோ ஊரிலிருந்து சிலர் பல கியர் பொருத்திய பருத்த டயர் வண்டிகளோடு வந்திருந்தார்கள். மரின் ஓட்டுநர்களின் கண்ணில் அது பட்டது. கேரி ஃபிஷர் தம் பழைய ஷ்வின் வண்டியில் பல கியர்களையும் நல்ல பிரேக்குகளையும் பொருத்தினார். இனி மலையில் மிதித்தே ஏற முடியும் என்றானது.

பழைய சட்டங்கள் முறிந்துகொண்டே இருந்ததால், 1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிய சட்டம் ஒன்றை உருவாக்கினார். 1979இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நிறுவனத்தின் பெயரே நாளடைவில் வண்டியின் பொதுப்பெயராகிவிட்டது. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டியைத் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரித்து விற்றது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது. பழைய சாமான் கடையிலிருந்து ஒலிம்பிக் வரை வருவதற்கு முழுதாக இருபது ஆண்டுகளே ஆயின.

மூடப்பட்ட பாதைகள்

வளர்ச்சி ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. அதே மலைகளில் நடைப்பயணம் போகிறவர்களும் குதிரை ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். வளைவில் திடீரென்று வேகமாக வரும் சக்கரம் அவர்களை அச்சுறுத்தியது. மழைக்காலத்தில் டயர் கிழிக்கும் மண்ணைப் பற்றியும் முறையீடுகள் எழுந்தன. தமல்பாயிஸ் மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிக்கு மூடப்பட்டன. மண்சாலைகளில் மட்டும் அனுமதி, அதுவும் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் என்று விதி வந்தது. மலை மிதிவண்டி பிறந்த மலையிலேயே அதற்கு இந்த நிலை.

நாடு தழுவிய அளவிலும் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனப்பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் மோட்டார் வாகனங்களைத் தடுத்ததோடு, 'இயந்திரவகைப் போக்குவரத்து' வேறு எதுவும் கூடாது என்றும் கூறியது. மிதிவண்டி இதில் அடங்குமா? அடங்கும் என்று 1984இல் வனத்துறை விதியைத் தெளிவாக்கியது.

ஓட்டுநர்கள் இதை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1988இல் பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நடப்பவருக்கு வழிவிடு, ஈரமண்ணில் ஓட்டாதே, திறந்த பாதையில் மட்டும் செல் என்று தமக்குத் தாமே விதிகளை வகுத்தார்கள். மண்வெட்டியும் கையுமாகப் போய்ப் பாதைகளைச் செப்பனிட்டார்கள். "எங்கள் வண்டியில் மோட்டார் இல்லை, ஆகவே எங்களை மோட்டார் வாகனத்தோடு சேர்க்காதீர்கள்" என்பதே அதிகாரிகளிடம் அவர்கள் முன்வைத்த முக்கிய வாதம். பல ஆண்டுகள் உழைத்து, பாதைக்குப் பாதை பேசி அனுமதி வாங்கினார்கள். இந்தப் பின்னணி தெரியாவிட்டால், பின்னாளில் மின் வண்டிக்கு எழுந்த எதிர்ப்பு வெறும் பிடிவாதமாகவே தோன்றும்.

மின்சாரம் சேர்ந்த கதை

மின் மிதிவண்டி புதிய கருத்து அன்று. 1895 டிசம்பர் 31ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் அச்சில் மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். தமல்பாயிஸ் இரயில் ஓடத் தொடங்குவதற்கும் முந்தைய செய்தி இது. ஆனால் அக்காலப் பேட்டரிகள் கனமானவை. அவற்றில் தேங்கும் ஆற்றலும் குறைவு. கருத்து இருந்தும் பயன் இல்லாமல் ஒரு நூற்றாண்டு கழிந்தது.

இரண்டு மாற்றங்கள் நிலைமையைத் திருப்பின. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை அமைத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டாவது மாற்றம் 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் விற்பனைக்கு விட்ட 'பாஸ்' மிதிவண்டி. இதில் கையால் திருகும் முடுக்கி இல்லை. ஓட்டுபவர் மிதியை எவ்வளவு அழுத்துகிறார் என்பதை உணரி அளக்கும்; அதற்கேற்ப மோட்டார் துணை செய்யும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். மோட்டாரின் உதவி மனிதர் செலுத்தும் விசையை மிஞ்சக்கூடாது என்று அக்கால ஜப்பானிய விதி சொன்னது. மிதிப்பவருக்கு மோட்டார் துணை. மிதிப்பவருக்குப் பதில் மோட்டார் அன்று. இந்தக் கொள்கைதான் பின்னர் சட்டங்களுக்கும் அடிப்படையாயிற்று.

இம்முறை முதலில் பயன்பட்டது நகர்ப்புறத்தில், கடைக்குப் போகிறவர்களுக்கும் முதியோர்க்கும். மலைக்கு வந்தது ஜெர்மனி வழியாக. போஷ் நிறுவனம் மிதி அச்சை ஒட்டி அமையும் மோட்டாரை உருவாக்கியது. அதைப் பயன்படுத்தி ஹைபைக் என்ற நிறுவனம் 2010இல் மலைக்கான மின் மிதிவண்டியைக் காட்சிக்கு வைத்தது. ஹைபைக் அமைந்துள்ள ஊர் ஷ்வைன்ஃபர்ட். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் 'டார்பிடோ' பிரேக் அச்சை 1903இல் உருவாக்கிய சாக்ஸ் தொழிற்சாலையும் அதே ஊர்தான். ரீபேக் சாலையில் புகைந்த பிரேக் எந்த வகையோ, அதே வகையில் பெயர்பெற்ற ஊரிலிருந்தே மலைக்கான மின் வண்டியும் வந்தது.

ஒரு சிறு கணக்கு

மோட்டார் எவ்வளவு உதவுகிறது என்பதைப் பள்ளிப் பாடத்தின் நிலையாற்றல் சூத்திரமே காட்டிவிடும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். ரீபேக் சாலையின் 400 மீட்டர் உயரம் ஏறத் தேவையான ஆற்றல், 100 × 9.8 × 400 = 3,92,000 ஜூல். ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல். ஆகவே இது சுமார் 109 வாட்-மணி.

சாதாரண உடல்நிலை உள்ள ஒருவர் நெடுநேரம் தொடர்ந்து மிதித்தால் 100 வாட் அளவுக்குத் திறன் தரலாம். அப்படியானால் இந்த ஏற்றத்துக்கு 65 நிமிடம் ஆகும். அதோடு 250 வாட் மோட்டார் சேர்ந்தால் 350 வாட். நேரம் சுமார் 19 நிமிடமாகக் குறையும். உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் இதில் சேர்க்கவில்லை; உண்மையில் இரண்டு நேரமும் இன்னும் கூடும். 500 வாட்-மணி பேட்டரியைக் கொண்டு இத்தகைய ஏற்றத்தை மூன்று, நான்கு தடவை ஏறலாம் என்பதும் இதிலிருந்து புலப்படும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு, ஒருமுறைகூட ஏற முடியாது என்ற நிலைக்கும் மூன்று முறை ஏறலாம் என்ற நிலைக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

மிதிவண்டியா, மோட்டார் வாகனமா?

இதைச் சட்டம் எப்படிப் பிரித்தது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஒரு வரையறை தந்தது. மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்கு மிகக்கூடாது. மிதித்தால் மட்டுமே உதவ வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அது மிதிவண்டியாகவே நடத்தப்படும். இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைந்த மின் வண்டிகள் சில நிபந்தனைகளுடன் மோட்டார் வாகனம் என்ற வகையில் சேர்வதில்லை.

அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் 750 வாட்டுக்குக் குறைந்த திறனை ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியா 2015இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. மிதித்தால் மட்டும் உதவி, 32 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தம் என்றால் முதல் வகுப்பு. முடுக்கி இருந்தால் இரண்டாம் வகுப்பு. 45 கிலோமீட்டர் வரை உதவினால் மூன்றாம் வகுப்பு. ஆனால் இவை பெரிதும் சாலைக்கான விதிகள். மலைத்தடத்துக்கு யார் அனுமதி தருவது என்ற கேள்வி தனியே நின்றது.

2019 ஆகஸ்ட் மாதம் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அம்மாதம் கனடாவின் மோன் செயின்ட் ஆன் மலையில் மின் மலை மிதிவண்டிக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹாதர்லியும் சுவிட்சர்லாந்தின் நத்தாலி ஷ்னைட்டரும் வென்றார்கள். அதே மாதம் 29ஆம் நாள், அமெரிக்க உள்துறை அமைச்சர், தம் துறையின் கீழுள்ள நிலங்களில் மிதிவண்டி செல்லும் இடங்களில் மின் மிதிவண்டிக்கும் வழி காணுமாறு ஆணையிட்டார். வேளாண்மைத் துறையின் கீழுள்ள வனத்துறையோ மின் மிதிவண்டியை மோட்டார் வாகனமாகவே கருதிவருகிறது. ஆகவே ஒரே வண்டி, ஒரு வேலிக்கு இப்பால் மிதிவண்டியாகவும் அப்பால் மோட்டார் வாகனமாகவும் இருக்கிறது.

சோதனைகள் காட்டுவது

எதிர்ப்பவர்களின் முதல் அச்சம், மோட்டார் மண்ணைக் கிழித்துவிடும் என்பது. பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கம் 2015இல் ஆரிகன் மாநிலக் காடு ஒன்றில் சோதனை நடத்தியது. சாதாரண மலை மிதிவண்டி, முதல் வகுப்பு மின் வண்டி, மோட்டார் சைக்கிள் மூன்றும் இடம்பெயர்க்கும் மண்ணின் அளவு ஒப்பிடப்பட்டது. மின் வண்டியின் தாக்கம் சாதாரண மிதிவண்டியை ஒட்டியே இருந்தது. மோட்டார் சைக்கிளின் தாக்கம் அதிகம். ஒரு வகைப் பாதையில் நடந்த சிறு சோதனை இது. எல்லா மண்ணுக்கும் எல்லாப் பருவத்துக்கும் இதுவே முடிவு என்று கொள்ளக்கூடாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, அது சோம்பேறிகளின் வண்டி என்பது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுபவமுள்ள 33 ஓட்டுநர்களை இரண்டு வண்டியிலும் ஓட்டச் செய்து இதயத்துடிப்பை அளந்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, மின் வண்டியில் சராசரித் துடிப்பு சாதாரண வண்டியில் இருந்ததில் ஏறக்குறைய 94 விழுக்காடு. உழைப்பு குறைந்தது, உடற்பயிற்சி நின்றுபோகவில்லை.

ஆனால் மூன்றாவது அச்சத்துக்கு இச்சோதனைகளில் விடை இல்லை. அது வேகத்தையும் கூட்டத்தையும் பற்றியது. ஏற்றத்தில் மெல்ல வந்துகொண்டிருந்த மிதிவண்டி இப்போது வேகமாக வருகிறது. முன்பு வலிமை உள்ளவர் மட்டுமே எட்டிய உட்காட்டுக்கு இன்று பலர் எட்டுகிறார்கள். பழைய ஓட்டுநர்களின் உண்மையான கவலை இதுதான்: நடப்பவர்கள் மீண்டும் முறையிட்டால், மோட்டார் உள்ளது, இல்லாதது என்று பிரித்துப் பார்க்காமல் பாதையே எல்லார்க்கும் மூடப்பட்டுவிடுமோ?

மாறுபவர் அறிய வேண்டியவை

மின் வண்டிக்கு மாறுபவரின் கைக்கு முதலில் தெரிவது எடை. சாதாரண மலைத்தட வண்டி பெரும்பாலும் 13 முதல் 15 கிலோ வரை. மின் வண்டி 22 முதல் 25 கிலோ வரை. அரை நூற்றாண்டு காலம் ஒவ்வொரு கிராமாகக் குறைத்துவந்த எடை, பழைய கிளங்கரின் அளவுக்கே திரும்பிவிட்டது. மேலே ஏறும்போது மோட்டார் இதை மறைத்துவிடும். இறக்கத்தில் மறைக்காது. பிரேக்கை முன்னதாகவே பிடிக்க வேண்டும். வழியில் விழுந்த மரத்தைத் தாண்டி வண்டியைத் தூக்குவது கடினம். பேட்டரி தீர்ந்தால் வீடு வரை மிதிப்பது பெரும்பாடு. சங்கிலியும் பற்சக்கரங்களும் இரு மடங்கு விசையைத் தாங்குவதால் விரைவில் தேய்கின்றன. அதிக உதவி தரும் நிலையிலேயே ஓட்டினால் பேட்டரியும் விரைவில் தீரும். மேட்டில் மட்டும் உதவியைக் கூட்டி, சமதளத்தில் குறைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

அதைவிட முக்கியமானது, அந்தப் பாதையில் தம் வகுப்பு வண்டிக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே அறிந்துகொள்வது.

முடிவாக

கேரி ஃபிஷர் 1950இல் பிறந்தவர். ஜோ பிரீஸ் 1953இல் பிறந்தவர். ரீபேக் தலைமுறை இன்று எழுபதுகளில் இருக்கிறது. இளமையில் லாரியும், நடுவயதில் கியரும் ஏற்றிவிட்ட மலையில், முதுமையில் ஏற்றிவிட மோட்டார் வந்து நிற்கிறது. ஏறுவது எப்படி என்ற முதல் கேள்விக்கு இந்த மூன்றும் மூன்று காலத்து விடைகள். அவற்றில் ஒன்று மட்டும் நேர்மையானது, மற்றவை குறுக்குவழி என்று சொல்ல வரலாற்றில் இடமில்லை.

பாதை யாருக்கு என்ற இரண்டாவது கேள்விக்கு இயந்திரம் விடை தராது. 1980களில் மிதிவண்டிக்காரர்கள் பாதையைப் பெற்றது, நடப்பவருக்கு வழிவிட்டு, மண்ணைச் செப்பனிட்டு, வேகத்தைத் தாமே கட்டுப்படுத்திக் காட்டியதால்தான். மின் வண்டிக்கு மாறுபவர்கள் செய்ய வேண்டியதும் அதுவே. மோட்டார் தரும் நேரத்தில் ஒரு பங்கை, எதிரே வருபவருக்காக நின்று வழிவிடுவதில் செலவிட்டால், அந்தத் தடம் இருவருக்கும் திறந்திருக்கும்.